விற்ற அன்றே விழும் கடன்: கிருஷ்ணகிரி, தர்மபுரி சிறு உற்பத்தியாளர்களுக்கு வாரண்டி குறித்து ஒரு திறந்த மடல்

ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, பாலக்கோடு, அரூர் பக்கங்களில் சொந்தப் பெயரில் மெஷின் செய்து விற்பவர்களுக்கும், பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மாட்டுத் தீவனத் தட்டு வெட்டும் மெஷின், ராகி மாவு மில், மாம்பழக் கூழ் எடுக்கும் பல்ப்பர், மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல் என்று நம் இரண்டு மாவட்டங்களிலிருந்து வெளியே போகும் சரக்கில் பெரும்பாலானவற்றோடு ஒரு வாரண்டி கார்டும் போகிறது. அதில் 12 மாதம் என்றோ 24 மாதம் என்றோ அச்சாகியிருக்கிறது. அந்த எண்ணை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டால், பக்கத்துக் கம்பெனிக்காரர் அவ்வளவு கொடுக்கிறார், டீலர் அவ்வளவு கேட்கிறார் என்ற பதில்தான் அதிகம் கிடைக்கிறது. எத்தனை மெஷின் திரும்ப வரும், ஒன்றைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும், அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் கணக்குப் புத்தகத்தில் விடை இருப்பதில்லை. தரக்கட்டுப்பாடு, கணக்கு, களச் சர்வீஸ் ஆகிய வேலைகளில் இருக்கும் நாங்கள் இந்த மடலை எழுதுவது இந்த மூன்றுக்கும் விடை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காகத்தான்.

மெஷினுக்கு இன்வாய்ஸ் போட்ட அன்றே வாரண்டிக் கடன் உங்கள் தலையில் விழுந்துவிடுகிறது. பேரிங் போனபிறகு மெக்கானிக்கை அனுப்பும் அன்று வருவது அந்தக் கடனின் தவணை மட்டுமே. தவணை வரும் மாதத்தில் அதைச் செலவாக எழுதுகிறவர், விற்ற மாதத்தில் லாபத்தைக் கூட்டிக் காட்டிக்கொள்கிறார். விற்பனை ஏறிக்கொண்டே இருக்கும்வரை இது தெரியாது. ஒரு வருடம் விற்பனை குறைந்தால், போன வருட மெஷின்களின் கிளைம் (வாரண்டியில் சரிசெய்து தரச் சொல்லி வரும் கோரிக்கை) இந்த வருட வரவின்மேல் வந்து உட்காரும். கையில் பணம் குறைந்திருக்கும் நேரத்தில் செலவு கூடும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 1,000 தட்டு வெட்டும் மெஷின், ஒன்று 28,000 ரூபாய், 12 மாத வாரண்டி. ஆயிரத்துக்கு 40 மெஷினில் கிளைம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பாகத்தின் சராசரி விலை 650 ரூபாய். பல கம்பெனிகளில் வாரண்டிச் செலவு என்று எழுதுவது இதை மட்டும்தான்: 40 முறை 650, ஆக 26,000. ஆனால் மெக்கானிக்கின் ஒரு நாள் கூலி 900, பெட்ரோல் 350, பாகம் போகவும் பழுதானது திரும்பி வரவும் பார்சல் 300, டீலருக்குக் கொடுக்கும் கையாளும் கூலி 250, பழுதான பாகத்தைப் பிரித்துப் பார்த்து எழுதும் நேரம் 200. இவற்றோடு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. நான்கில் ஒரு முறை மெக்கானிக் தவறான பாகத்தோடு போய், திரும்பி வந்து, மறுபடி போகிறார். கூலியும் பெட்ரோலும் 1,250. அதில் கால் பங்கு ஏறக்குறைய 310. எல்லாம் கூட்டினால் ஒரு கிளைமுக்கு 2,960 ரூபாய். 40 கிளைமுக்கு 1,18,400. விற்கும் ஒவ்வொரு மெஷின் தலையிலும் 118 ரூபாய். பாகத்தின் விலை மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதுவே.

இந்தக் கணக்கு செலவைக் குறைக்கும் வழியையும் காட்டும். பாகத்தை மலிவாக வாங்கி இதில் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது. போனில் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சர்வீஸ் எடுப்பவரின் மேஜையில் ஒட்டினால் இரண்டாவது நடை குறையும். மெஷின் சுற்றவே இல்லையா, சுற்றி நின்றதா? உறுமுகிறதா, சத்தமே இல்லையா? கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றுகிறதா? வீட்டு லைட் மங்கலாக எரிகிறதா? இந்த நான்கைக் கேட்டாலே பேரிங்கா, கப்பாசிட்டரா, கரண்டா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். அஞ்செட்டி மலைப்பக்கமோ பென்னாகரத்துக்கு அப்பாலோ போகிற மெக்கானிக்குக்கு இந்த ஐந்து நிமிடப் பேச்சு ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

ஆயிரத்துக்கு 40 என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். இந்த மாதம் வந்த கிளைமை இந்த மாதம் விற்ற எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஏப்ரலில் 100 மெஷின் விற்ற கம்பெனி அடுத்த மார்ச்சில் 300 விற்கிறது. மார்ச்சில் 6 கிளைம் வந்தது. 6-ஐ 300-ஆல் வகுத்து 2 சதவீதம்தானே என்று திருப்தி அடைகிறார்கள். அந்த 6 மெஷினும் ஆகஸ்டில் விற்ற 120-இலிருந்து வந்தவையாக இருக்கலாம். அப்படியானால் அது 5 சதவீதம், அதுவும் அந்தத் தொகுதி எட்டாவது மாதத்தில் நிற்கும்போதே. விற்பனை கூடக் கூட இந்தத் தவறான கணக்கு தரம் உயர்வதாகவே காட்டும்.

சரியான வழி ஒரு படிக்கட்டு அட்டவணை. இடது பக்கம் விற்ற மாதம், அதன் பக்கத்தில் அந்த மாதம் விற்ற எண்ணிக்கை. மேலே வரிசையாக 0, 1, 2 என்று உபயோகித்த மாதங்கள். ஒவ்வொரு கிளைமும் எந்த மாதத்தில் விற்ற மெஷினுக்கு, விற்றபின் எத்தனையாவது மாதத்தில் வந்தது என்று பார்த்து அந்தக் கட்டத்தில் எண்ணைக் கூட்டுங்கள். பழைய மாதங்களின் வரிசை நீளமாகவும் புதியவை குட்டையாகவும் இருக்கும். ஒரே உயரத்தில் நிற்பவற்றை மட்டும் ஒப்பிட வேண்டும்: ஜூனில் விற்றதன் முதல் மூன்று மாதமும் செப்டம்பரில் விற்றதன் முதல் மூன்று மாதமும். இதற்கு மென்பொருள் வேண்டாம், எக்செல் போதும். எக்செலும் இல்லாவிட்டால் நீள லெட்ஜர் போதும்.

அட்டவணையின் வடிவத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு மாதங்களில் எண்கள் குவிந்து பிறகு குறைந்தால், தவறு நம் அசெம்ப்ளியில் இருக்கிறது: இறுக்காத டெர்மினல், சாய்ந்த புல்லி, அடித்து ஏற்றிய பேரிங். எல்லா மாதங்களிலும் சமமாகச் சிதறினால் மின்னழுத்தம், தவறான உபயோகம் போன்ற வெளிக் காரணங்களைத் தேட வேண்டும். ஒன்பது, பத்து மாதத்துக்குமேல் ஏற ஆரம்பித்தால் ஏதோ ஒன்று தேய்ந்து ஆயுள் முடிகிறது. இந்த மூன்றாவது வடிவம் இருக்கும்போது வாரண்டியை 12-இலிருந்து 24 மாதமாக்கினால் செலவு இரண்டு மடங்கோடு நிற்காது, மூன்று நான்கு மடங்கும் ஆகலாம். 24 மாதம் கொடுக்கச் சொல்லும் டீலரிடம் பதில் சொல்வதற்குமுன் பார்க்க வேண்டியது இந்த அட்டவணையின் வலது ஓரத்தை.

முதல் மாதக் குவியலுக்கு மருந்து மலிவானது. அனுப்புவதற்குமுன் ஒவ்வொரு மெஷினையும் இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். 2 எச்.பி. மோட்டார் வெற்றாக ஓடினால் அதற்கு மூன்று யூனிட் மின்சாரம்கூட ஆகாது. முதல் அரை மணியிலும் கடைசியிலும் பேரிங் உட்காரும் கூட்டின் (ஹவுசிங்) சூட்டை அளந்து எழுதுங்கள். சூடு ஏறிக்கொண்டே போனால் அந்த மெஷின் லாரியில் ஏறக்கூடாது.

மாம்பழக் கூழ் மெஷின்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நம் பக்கம் பெங்களூரா மாம்பழம் ஆலைக்கு வருவது மே முதல் ஜூலை வரை. பிப்ரவரியில் விற்ற பல்ப்பர் மூன்று மாதம் சும்மா நிற்கிறது. பிறகு 75 நாளில், நாளுக்கு 20 மணி நேரம் வீதம் 1,500 மணி நேரம் ஓடுகிறது. நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடும் மாவு மில் 300 நாளில் 900 மணி நேரம்தான் தொடும். ஆகவே பல்ப்பருக்கு மாதக் கணக்கில் படிக்கட்டு அட்டவணை போட்டால் உண்மை தெரியாது. மணிக்கணக்கில் போட வேண்டும். ஓடிய மணி நேரத்தைக் காட்டும், சில நூறு ரூபாய் விலையுள்ள மணிமானி ஒன்றைப் பேனலிலேயே பொருத்திவிடுங்கள். வாரண்டியையும் 12 மாதம் அல்லது இத்தனை மணி நேரம், எது முந்துகிறதோ அது என்று எழுதலாம். சீசனில் கிளைம் எல்லாம் ஒரே ஆறு வாரத்தில் வந்து விழும் என்பதால், பணத்தோடு உதிரிபாகத்தையும் ஆளையும்கூட ஏப்ரலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். சீசன் நடுவில் ஆலை நின்றால் லாரியில் நிற்கும் பழம் காத்திருக்காது. அந்த நஷ்டத்தையும் உங்களிடம் கேட்பார்கள். தொடர் நஷ்டத்துக்குப் பொறுப்பு எதுவரை என்று ஆர்டர் ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். இதே மெஷின்களில் அடிக்கடி போவது ஆயில் சீல். தினமும் கொதிநீரும் காஸ்டிக் சோடாவும் விட்டுக் கழுவுகிறார்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் அதில் இறுகி உதட்டில் வெடிப்பு விடுகிறது. கழுவிய தண்ணீர் பேரிங்குக்குள் இறங்குகிறது. கிளைமில் பேரிங் போயிற்று என்று வரும். தவறோ சீல் ரப்பரைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கும். பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் அது திரும்பவும் போகும்.

இப்படிக் காரணம் தெரிய வேண்டுமானால் பழுதான பாகம் உங்கள் கைக்கு வர வேண்டும். இந்த மடலில் ஒன்றை மட்டும் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்போம். பாகம் திரும்பாமல் கிளைமுக்குப் பணம் கிடையாது என்று டீலரிடம் சொல்லிவிடுங்கள். பார்சல் கூலியை நீங்களே கொடுங்கள். பாகத்தைக் கழுவக்கூடாது, மண்ணெண்ணெயில் முக்கக்கூடாது, சுத்தியலால் தட்டிக் கழற்றக்கூடாது. கெட்டியான ஒரு டேக்கில் மெஷின் எண், விற்ற தேதி, நின்ற தேதி, மணிமானி அளவு, விவசாயி சொன்ன வார்த்தைகள் அப்படியே, மெக்கானிக் கண்டது, அந்த இடத்தில் மெஷின் ஓடும்போது அளந்த வோல்ட் ஆகியவற்றை எழுதிக் கம்பியால் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். விவசாயியின் சொல்லை மெக்கானிக் தன் பாஷைக்கு மாற்றி எழுதக்கூடாது. ‘மழை பெய்த மறுநாள் ஷாக் அடித்தது’ என்பதில் இருக்கும் தகவல் ‘மோட்டார் பழுது’ என்பதில் இல்லை.

வந்த பேரிங்கை அறுத்துத் திறந்து பாருங்கள். ஓடுபாதையில் பந்துகளின் இடைவெளிக்குச் சரியாகப் பள்ளங்கள் இருந்தால், வெளி வளையத்தில் சுத்தியல் வைத்து ஷாஃப்டில் ஏற்றியிருக்கிறார்கள். அடி பந்து வழியாகப் போயிருக்கிறது. அது நம் ஷாப்பின் தவறு. உள் வளையத்தின் துளையில் செங்காவி நிறத் தூள் இருந்தால் ஷாஃப்ட் இளைத்துப் பேரிங் வழுக்கியிருக்கிறது. 6205 பேரிங்கின் துளை 25 மில்லிமீட்டர். பெல்ட் இழுவை உள்ள இடத்தில் கே6 என்ற பொருத்த அளவுக்கு ஷாஃப்ட் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். லேத்தில் 24.98-இல் நிறுத்திய ஷாஃப்டுக்கு எந்தக் கம்பெனிப் பேரிங் போட்டாலும் நிற்காது. பாதை பழுப்பாகவோ நீலமாகவோ மாறியிருந்தால் கிரீஸ் தீர்ந்து சூடேறியிருக்கிறது. உள்ளே தட்டுத் தூசி இருந்தால் மூடி போதவில்லை. இந்த நான்கில் முதல் இரண்டு நம் பணம். நான்காவது டிசைன் திருத்தம். மூன்றாவதற்கு மட்டும்தான் உபயோகித்தவரிடம் கேள்வி கேட்கலாம். அதுவும் கிரீஸ் விடச் சொல்லிக் கார்டில் தமிழில் எழுதியிருந்தால்தான்.

மோட்டார் எரிந்து வந்தாலும் அப்படியே. எரிந்தாலே ‘வோல்டேஜ், வாரண்டி கிடையாது’ என்று திருப்பி அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். வைண்டிங்கைப் பார்த்தாலே அதன் கதை தெரியும். மூன்று பேஸ் மோட்டாரில் ஸ்டார் இணைப்பாக இருந்து இரண்டு பேஸ் சுருள் கருகி ஒன்று புதிதுபோல இருந்தால் ஒரு பேஸ் அறுந்து ஓடியிருக்கிறது. டெல்டாவாக இருந்தால் ஒரு பேஸ் கருகி இரண்டு நன்றாக இருக்கும். மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் அதிகச் சுமை, அடைத்துப் பூட்டிய ரோட்டர், அல்லது குறைந்த வோல்ட். ஒரே இடத்தில் ஒரு புள்ளியாக உருகி மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தால் அது சுற்றும்போதே காயப்பட்ட கம்பி. அதற்கு நாமோ மோட்டார் கொடுத்தவரோ பொறுப்பு. கப்பாசிட்டர் ஸ்டார்ட் உள்ள ஒற்றைப் பேஸ் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் சுருள் மட்டும் கருகியிருந்தால், உள்ளே இருக்கும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் விடவில்லை. சுவிட்ச் ஒட்டியிருக்கலாம், அல்லது வோல்ட் போதாமல் மோட்டார் சுவிட்ச் விடும் வேகத்தையே தொடாமல் இருந்திருக்கலாம். டேக்கில் வோல்ட் எழுதச் சொன்னது இந்த இரண்டையும் பிரிக்கத்தான்.

ஸ்டார்ட்டர் பேனல் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வதேசத் தரத்தின்படி கான்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்து விடும் காந்தச் சுவிட்ச்) காயில் தன் மதிப்பில் 85 முதல் 110 சதவீதம்வரை ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். 415 வோல்ட் காயிலுக்கு 85 சதவீதம் என்பது 353 வோல்ட். லைன் கடைசியில் இருக்கும் தோட்டத்தில், எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும்போது அதற்குக் கீழே இறங்கினால் கான்டாக்டர் படபடவென்று அடித்து முனைகள் ஒட்டிக்கொள்ளும். அதை ‘மெட்டீரியல் நன்றாக இல்லை’ என்று சப்ளையரோடு சண்டையிட்டுப் பயனில்லை. குறைந்த வோல்ட்டில் தானே விடுவிக்கும் ரிலேயைப் பேனலிலேயே வைத்தால் கிளைம் குறையும். அதன் விலையை மேலே சொன்ன 2,960-ஓடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

திரும்பி வந்த பாகங்களில் ஒரு பகுதி பெஞ்சில் வைத்தால் நன்றாக ஓடும். ‘குறையில்லை’ என்று எழுதி மூடிவிடாதீர்கள். குளிர்ந்த பாகம், சரியான 230 வோல்ட், சுத்தமான மேஜை என்ற நிலைமையில் தோட்டத்துக் குறை வெளிப்படாது. இரண்டு மணி நேரம் சூடாக்கி, 180 வோல்ட்டிலும் 250 வோல்ட்டிலும் ஓட்டி, கனெக்டரை ஆட்டிப் பாருங்கள். அப்போதும் குறையில்லை என்றால் மெக்கானிக் ஊகத்தில் பாகம் மாற்றியிருக்கிறார். அவருக்குப் பயிற்சி வேண்டும். சோதித்து முடித்த பாகத்தில் துளை போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதே பாகம் இன்னொரு கிளைமாகத் திரும்பி வரும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை எண். ஸ்டிக்கரில் அச்சடித்த மெஷின் எண் மாட்டுக்கொட்டகையில் ஈரத்திலும் சாணத்திலும் உரிந்துவிடும். குத்தெழுத்து எண் பொறித்த தகடு ஒன்றை ரிவெட் அடியுங்கள். அதே எண்ணைப் பிரேமில் மறைவான இடத்திலும் குத்துங்கள். வண்டி கிளம்பும்போது பதிவேட்டில் மெஷின் எண்ணுக்கு எதிரே மோட்டார் எண், பேரிங் லாட் (எந்தத் தொகுதியில் வந்தது), அசெம்ப்ளி செய்தவர், போன டீலர் என எழுதுங்கள். ஒரே லாட்டில் மூன்று மாதத்துக்குள் ஒரே பாகம் மூன்று முறை போனால் அந்த லாட்டை நிறுத்திக் கிடங்கில் இருப்பதில் ஐந்தைப் பிரித்துப் பாருங்கள். பதிவேடு இல்லாதவர் அந்த நேரத்தில் விற்ற ஆயிரம் மெஷினையும் சந்தேகப்பட வேண்டும்; இருப்பவர் எண்பது மெஷினோடு முடித்துக்கொள்வார்.

உங்களுக்குப் பாகம் கொடுப்பவர்களின் வாரண்டியைப் பாருங்கள். அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் அவர்களுடைய இன்வாய்ஸ் தேதியிலிருந்து 12 மாதம். உங்களுடையது விவசாயி வாங்கிய தேதியிலிருந்து 12 மாதம். மோட்டார் உங்கள் கிடங்கில் இரண்டு மாதம், மெஷின் டீலர் கடையில் நான்கு மாதம் இருந்தால், கடைசி ஆறு மாதக் கிளைம் முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போகும். வாங்கும் ஆர்டரிலேயே ‘உபயோகத்துக்கு வந்து 12 மாதம் அல்லது இன்வாய்ஸ் தேதியிலிருந்து 18 மாதம், எது முந்துகிறதோ அது’ என்று எழுதிக் கேளுங்கள். டீலருக்கும் இதே வாசகம் பொருந்தும். கடையில் இரண்டு வருடம் கிடந்த மெஷினுக்குப் புது வாரண்டி ஓடுவதை இது தடுக்கும். ஆனால் விவசாயி கையில் கொடுக்கும் கார்டில் அவருக்குத் தெரியாத தேதியை வைத்து அவர் காலத்தைக் குறைக்காதீர்கள். டீலரோடு உள்ள கணக்கை டீலரோடு தீருங்கள்.

ஓசூரில் பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுப்பவர்களின் சிக்கல் வேறு. அங்கே வாரண்டி ஒரு டெபிட் நோட்டாக வருகிறது: இத்தனை பாகம் களத்தில் போயிற்று, இவ்வளவு தொகை உங்கள் பில்லிலிருந்து கழிக்கப்பட்டது. பாகம் வராது, அது செய்த தேதியைக் காட்டும் தேதிக் குறியீடு இருக்காது. சில ஊர்களிலிருந்து மட்டும் பாகத்தைத் திரும்ப எடுத்து, அதில் கண்ட விகிதத்தை நாடு முழுக்கப் பெருக்கியும் தொகை போடுவார்கள். ரேட் காண்ட்ராக்டில் கையெழுத்திடும்போதே நான்கு விஷயத்தைக் கேளுங்கள். டெபிட் போடும் பாகத்தின் தேதிக் குறியீடும் வண்டி ஓடிய கிலோமீட்டரும் தர வேண்டும். பாகத்தை இருவரும் சேர்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். குறையில்லாத பாகங்களைப் பெருக்கல் விகிதத்திலிருந்து நீக்க வேண்டும். பாகத்தின் விலைக்குமேல் கேட்கும் கூலிக்கும் நிர்வாகச் செலவுக்கும் உச்சவரம்பு வேண்டும். இதைக் கேட்க உங்கள் பக்கம் தேதிக் குறியீடு முதலில் இருந்தாக வேண்டும். பாகத்தில் குறியீடே இல்லாதவர் பேச்சுவார்த்தையைக் கையில் ஒன்றுமில்லாமல் தொடங்குகிறார். 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொண்டு பணம் கொடுக்கும் கெடு ஓடத் தொடங்குகிறது. ஒப்பந்தம் இருந்தாலும் அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. இதனால் வாரண்டிப் பொறுப்பு மறைந்துவிடாது. ஆனால் பழைய சரக்கின் வாரண்டித் தகராறைக் காரணம் காட்டிப் புதிய பில்லை நிறுத்தி வைக்கும்போது இந்தக் கெடுவை எடுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இனி கணக்கு. மெஷினுக்கு 118 ரூபாய் என்று கண்டபின், ஒவ்வொரு மாதமும் விற்ற எண்ணிக்கையால் பெருக்கி வாரண்டி ஒதுக்கீடு என்ற தலைப்பில் எழுதுங்கள். கிளைம் செலவு வரும்போது அதிலிருந்து கழியுங்கள். கணக்கியல் தரநிலை 29 இதைத்தான் கேட்கிறது. மார்ச் 31 அன்று மிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. ஏப்ரலில் விற்ற மெஷினின் வாரண்டி முடியப்போகிறது, மார்ச்சில் விற்றது இப்போதுதான் தொடங்குகிறது. விற்பனையும் கிளைமும் ஆண்டு முழுக்கச் சமமாக இருந்தால், மேலே சொன்ன 1,18,400-இல் ஏறக்குறைய பாதி, 59,200 நிற்க வேண்டும். டீலர் கையில் இருந்து இன்னும் உங்களிடம் வராத கிளைமையும் விசாரித்துச் சேருங்கள். வாரண்டி முடிந்தபின் நல்லெண்ணத்துக்காகச் செய்து கொடுக்கும் வேலையை இதில் கலக்காமல் தனித் தலைப்பில் வையுங்கள். கலந்தால் அடுத்த வருட விகிதம் கெட்டுவிடும்.

ஒதுக்கீட்டை வருமான வரியில் கழிக்க முடியுமா என்ற பயத்தில் பலரும் ஒதுக்காமலே விடுகிறார்கள். வால்வு ஆக்சுவேட்டர் செய்யும் ரோட்டார்க் கன்ட்ரோல்ஸ் நிறுவனத்தின் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. நடந்த விற்பனையால் இப்போதே ஒரு கடமை இருக்க வேண்டும், அதற்காகப் பணம் வெளியே போவது பெரும்பாலும் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், தொகையை நம்பத்தக்க முறையில் மதிப்பிட முடிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அன்று நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் கழிக்கலாம் என்றது. பின்னால் வந்த வருமானக் கணக்கீட்டுத் தரநிலை 10, பெரும்பாலும் நடக்கும் என்பதற்குப் பதிலாகப் பணம் போவது நியாயமான அளவுக்கு நிச்சயமாக இருக்க வேண்டும் என்று சற்று இறுக்கியிருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றே: உங்கள் படிக்கட்டு அட்டவணை. ‘விற்பனையில் 2 சதவீதம் போட்டு வைத்தோம்’ என்று சொன்னால் அதிகாரி ஏற்கமாட்டார். மூன்று வருட அட்டவணையும் கிளைம் ரசீதுகளும் தேவையில்லாத மிச்சத்தைத் திருப்பி எழுதிய பதிவும் இருந்தால் ஆடிட்டருக்கு வாதாடுவது எளிது.

ஜி.எஸ்.டி.யில் 2023 ஜூலை 17-ஆம் தேதியிட்ட 195-ஆம் எண் சுற்றறிக்கையும், 2024 ஜூன் 26-ஆம் தேதியிட்ட 216-ஆம் எண் சுற்றறிக்கையும் குழப்பத்தைத் தீர்த்துவிட்டன. வாரண்டியில் வாடிக்கையாளரிடம் காசு வாங்காமல் மாற்றும் பாகத்துக்கோ முழுப் பொருளுக்கோ வரி இல்லை; அதற்காக உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட வரி) திருப்பவும் வேண்டாம். டீலர் தன் கையிருப்புப் பாகத்தைப் போட்டு உங்களுக்குப் பில் போட்டால் அதற்கு வரி உண்டு, அதை நீங்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அவர் போட்ட பாகத்துக்குப் பதில் பாகமாகவே அனுப்பினால் வரி இல்லை. டீலர் கூலிக்கு உங்களுக்குப் பில் போட்டால் அது வரி உள்ள சேவை. நீங்கள் எந்த வழியில் போகிறீர்கள் என்று முடிவு செய்து எல்லா டீலருக்கும் ஒரே முறையை வையுங்கள்.

கடைசியாகக் கார்டு. பசு வைத்திருக்கும் விவசாயி தன் பிழைப்புக்காக வாங்கும் தட்டு வெட்டும் மெஷின் வணிக நோக்கம் என்று தள்ளப்படாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் நுகர்வோர். அதே சட்டத்தின் 84-ஆம் பிரிவு, எழுதிக் கொடுத்த வாரண்டிக்குப் பொருள் ஒத்துப்போகாமல் அதனால் தீங்கு நேர்ந்தால், தயாரிப்பாளர் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று நிரூபித்தாலும் பொறுப்பு உண்டு என்கிறது. மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட அவருக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஆகவே செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள். பிளேடு, பெல்ட், கார்பன் பிரஷ் போன்ற தேயும் பாகங்களைப் பெயர் சொல்லி விலக்குங்கள்; ‘தவறான உபயோகம்’ என்று பொதுவாக எழுதாமல் இத்தனை வோல்ட்டுக்குக் கீழே, இன்ன அளவு கிரீஸ் விடாமல் என்று எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் எழுதுங்கள். கார்டின் கீழ்ப்பாதியைக் கிழித்து டீலர் உங்களுக்கு அனுப்பினால்தான் டீலருக்குரிய கமிஷனில் கடைசிப் பங்கு என்று வையுங்கள். அந்தக் கிழித்த பாதியில்தான் விற்ற தேதி இருக்கிறது. அது இல்லாமல் படிக்கட்டு அட்டவணையின் முதல் கட்டத்தைக்கூட நிரப்ப முடியாது.

இந்த மாதம் கிளம்பும் வண்டியிலிருந்தே எண் தகடு, பதிவேடு, டேக் ஆகிய மூன்றையும் தொடங்குங்கள். அட்டவணை பேச ஆரம்பிக்க ஆறு மாதம் ஆகும். அதுவரை மெஷினுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று தெரியாதவர்கள், போன வருடம் டீலர்களுக்கு அனுப்பிய பார்சல் ரசீதுகளையும் மெக்கானிக்குகளின் பேட்டா வவுச்சர்களையும் எடுத்து எண்ணிப் பாருங்கள். முதல் மதிப்பீட்டுக்கு அவை போதும்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் தரக்கட்டுப்பாடு, கணக்கு, களச் சர்வீஸ் பணியில் இருப்போர்